நெஞ்சுப் பயிற்சியில் தோளைக் காப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

நெஞ்சுக்குப் பயிற்சி செய்யும் புதியவர்களுக்கு நெஞ்சுத் தசை அடிபடுவது அபூர்வம். முதலில் முனகுவது தோள்தான். அதற்கடுத்து மணிக்கட்டும் முழங்கையும். ஜிம்மில் சேர்ந்து இரண்டு மூன்று மாதத்தில் தோளின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால், எத்தனை கிலோ தூக்கினார் என்று பலரும் விசாரிப்பார்கள். பார் (எடை மாட்டும் நீளக் கம்பி) நெஞ்சுக்கு வந்தபோது அவருடைய முழங்கை எங்கே இருந்தது என்று கேட்டால் காரணம் சீக்கிரம் பிடிபடும். பாரில் மாட்டும் எடை வட்டில், அதாவது பிளேட்டில், என்ன எண் பொறித்திருக்கிறது என்பது மூட்டுக்குத் தெரியாது. எடை மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, எந்த வேகத்தில் இறங்குகிறது, எந்தக் கோணத்தில் திரும்புகிறது, இந்த மூன்றையும்தான் அது சுமக்கிறது. நெஞ்சுப் பயிற்சியில் ஆபத்து எல்லாம் அடிப்பகுதியின் கடைசிச் சில சென்டிமீட்டரிலும், எடையை எடுக்கும், வைக்கும் நேரத்திலும்தான் குவிந்து கிடக்கிறது. அந்த இரண்டையும் கட்டுக்குள் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தோள் ஏன் இப்படி?

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். தோளில் அப்படி இல்லை. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில், சாஸரில் வைத்த எலுமிச்சம்பழம் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவதற்கு இதுதான் காரணம். தோள் எளிதில் நகர்ந்துவிடுவதற்கும் இதுவே காரணம். அந்தத் தலையைக் குழியோடு அழுத்திப் பிடித்திருப்பவை ரோட்டேட்டர் கஃப் என்கிற நான்கு சிறிய தசைகள். அவற்றில் ஒன்றின் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான கயிறு போன்ற பகுதி), மேற்கை எலும்பின் தலைக்கும் அதற்கு மேலே கூரை மாதிரி இருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடுக்கில் போகிறது. கை தவறான கோணத்தில் பாரம் சுமந்தால் அந்த இடுக்கில் நெருக்கடி கூடும்.

இன்னொரு மூட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். காறை எலும்பின் மேல் விரலை வைத்துத் தோளின் முனை வரை தடவிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். காறை எலும்பு தோள்பட்டை எலும்போடு சேரும் இடம் அது. பல வருடம் கனமான பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), ஆழமான டிப்ஸ் (இணைக் கம்பிகளில் கையூன்றி உடலை இறக்கி ஏற்றுவது) என்று போனவர்களில் சிலருக்கு அங்கே காறை எலும்பின் நுனியே தேய ஆரம்பித்துவிடும். எடை தூக்குபவர்களின் தோள் என்றே மருத்துவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

நெஞ்சின் பெரிய தசை காறை எலும்பு, மார்பெலும்பு, விலா ஆகியவற்றிலிருந்து விசிறியாகக் கிளம்பி, குறுகி, ஒரு தட்டையான நாணாக மேற்கை எலும்பில் போய் ஒட்டுகிறது. பார் நெஞ்சைத் தொடும்போது இந்த நாண் முழுக்க இழுபட்டு, அதே நேரத்தில் பாரமும் சுமக்கிறது. நாண் அறுந்துபோகும் கதைகள் பெரும்பாலும் எடையை இறக்கும்போது அல்லது அடியில் திரும்பும்போது நடப்பவை. வருடக்கணக்கில் பயிற்சி செய்து கனமான எடைக்குப் போன ஆண்களிடம்தான் இது அதிகம். ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல்.

புதியவருக்கு வரும் சிக்கல் வேறு. முதல் சில வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறும். தசை வளர்ந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் இருக்கிற தசையை ஒருங்கிணைத்து வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டிருக்கிறது. தசை அதைவிட மெதுவாக வளரும். நாண் தடித்து உறுதியாக மாதங்கள் பிடிக்கும். ஆக, மூன்றாவது மாதத்தில் உங்களால் தூக்க முடிகிற எடை உங்கள் நாண் தாங்கப் பழகிய எடையைவிட முன்னே ஓடிக்கொண்டிருக்கும்.

படி 1: தோளைச் சோதித்துக்கொள்ளுங்கள்

சுவரில் முதுகை ஒட்டி நின்று, இடுப்பை வளைக்காமல் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். பிறகு கையை நெஞ்சுக்குக் குறுக்கே எதிர்த் தோள்வரை கொண்டுபோங்கள். வலியில்லாமல் முடிந்தால் தொடங்கலாம். ஒரு பக்கம் மட்டும் குத்துகிறது என்றாலோ, முன்பு எப்போதாவது தோள் நழுவியிருந்தாலோ, ஃபிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டுப் பார் பக்கம் போங்கள். நழுவிய தோளுக்கு அகலமான பிடியும் கையை விரித்துப் பின்னால் கொண்டுபோகும் பயிற்சிகளும் ஆகவே ஆகாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மூச்சை அடக்கி எடை தூக்கலாமா என்பதை முதலிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 2: புஷ்-அப்பில் தொடங்குங்கள்

சேர்ந்த அன்றே பெஞ்சில் படுக்க எல்லோருக்கும் ஆசை. என் கட்சி வேறு: ஒழுங்கான புஷ்-அப் 15 போட முடியாதவருக்குப் பார் அவசரமில்லை.

முழு புஷ்-அப்பில் உங்கள் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில் விழுகிறது. 70 கிலோ ஆள் என்றால் 45 கிலோவுக்கு மேல். அது கனமென்றால் முழங்கால் ஊன்றிச் செய்யுங்கள், பாதி எடைதான் வரும். அதைவிட நான் விரும்புவது, கைகளை உயரமான பெஞ்சில் ஊன்றிச் செய்வது. உடல் நேராகவே இருக்கும்; வலு கூடக் கூட உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து தரைக்கு இறங்கலாம்.

புஷ்-அப்புக்குப் பெஞ்ச் பிரஸ்ஸில் கிடைக்காத ஒரு நன்மை உண்டு. பெஞ்சில் படுத்தால் தோள்பட்டை எலும்பு முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. புஷ்-அப்பில் அது விலா மீது தன்பாட்டுக்கு வழுக்கி நகர்கிறது. தோளுக்கு அதுவே இயல்பு. மேலே வந்ததும் தரையை இன்னும் கொஞ்சம் தள்ளி, முதுகை லேசாக உயர்த்துங்கள். அந்தக் கடைசித் தள்ளலில் தோள்பட்டையைத் தாங்கும் தசைக்கும் வேலை கிடைத்துவிடும்.

மேலேயிருந்து யாராவது பார்த்தால் உங்கள் உடலும் கைகளும் அம்பு முனை போலத் தெரிய வேண்டும், சிலுவை போல அல்ல. இந்த ஒன்று பழகிவிட்டால் பெஞ்சில் முழங்கை தானாகச் சரியான இடத்துக்கு வரும்.

படி 3: பெஞ்சில் படுக்கும் முறை

பார் நிற்கும் கொக்கியின் உயரம்தான் முதலில். முழங்கை லேசாக மடங்கிய நிலையில் பாரைப் பிடிக்க முடிய வேண்டும். கொக்கி அதிக உயரத்தில் இருந்தால், எட்டி எடுக்கும்போது தோள் பெஞ்சைவிட்டு எழும்பிவிடும். பிறகு அந்த செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) முழுக்கத் தோள் முன்னே பிதுங்கியேதான் இருக்கும். கண் பாருக்கு நேர் கீழே வருகிற மாதிரி படுங்கள்.

தோள்பட்டைகள் இரண்டையும் பின்னால் சேர்த்து, கொஞ்சம் இடுப்பை நோக்கி இறக்குங்கள். நெஞ்சு தானாக நிமிரும். அப்படிச் செய்யும்போது மேல்முதுகு பெஞ்சில் அழுந்த வேண்டும். தலை, மேல்முதுகு, பிட்டம், இரண்டு பாதம், இந்த ஐந்தும் கடைசி ரெப் (ஒரு முறை இறக்கி ஏற்றுவது ஒரு ரெப்) வரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கால் எட்டவில்லை என்றால் பாதத்துக்கு அடியில் ஒரு பிளேட்டைப் போட்டுக்கொள்ளலாம். காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைக்க வேண்டாம், பிடிமானம் போய்விடும்.

பிடி. இரு தோள் முனைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் வேண்டாம். 40 சென்டிமீட்டர் தோள் என்றால் கைகளுக்கு நடுவே 60. பவர்லிஃப்டிங் என்னும் எடை தூக்கும் போட்டிக்கான பாரில் சொரசொரப்பான பகுதியின் நடுவே இரு பக்கமும் மழமழவென்று ஒரு வளையம் இருக்கும். நிறையப் பேர் அதுதான் பிடிக்க வேண்டிய இடம் என்று நினைத்து ஆள்காட்டி விரலை அங்கே வைக்கிறார்கள். அந்த வளையங்களுக்கு நடுவே உள்ள தூரம் 81 சென்டிமீட்டர். போட்டியில் அனுமதிக்கும் அதிகபட்ச அகலத்தைக் காட்டும் கோடு அது. பிடி அகலமானால் பார் போக வேண்டிய தூரம் குறையும், கூடுதல் எடை தூக்கலாம் என்பது போட்டியாளரின் கணக்கு. புதியவருக்கு அதனால் தோளில் பளுதான் மிச்சம். வளையத்துக்கு உள்ளேயே பிடியுங்கள்.

பார் உள்ளங்கையின் அடிப்பகுதியில், முன்கை எலும்புக்கு நேர் மேலே உட்கார வேண்டும். விரல்களின் வேர்ப்பகுதியில் பிடித்தால் மணிக்கட்டு பின்னால் மடங்கும், இரண்டு வாரத்தில் வலிக்கும். ரிஸ்ட் ராப் என்னும் மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு அந்த வலியை மறைப்பதைவிட பாரை இரண்டு சென்டிமீட்டர் கீழே நகர்த்துவது மேல். கட்டைவிரல் பாரைச் சுற்றியே இருக்கட்டும். கட்டைவிரல் போடாத பிடியில் பார் உருண்டு விழுவது ஒரே ஒரு முறை நடந்தால் போதும்.

படி 4: இறக்குவதும் ஏற்றுவதும்

மூச்சை உள்ளே இழுத்தபடி, இரண்டு மூன்று நொடி எடுத்து இறக்குங்கள். மேற்கை உடலோடு 45 முதல் 70 டிகிரி வரை விரியலாம். 90 டிகிரிக்கு விரித்தால் மேற்கை எலும்பின் தலை முன்பக்கமாகத் தள்ளப்பட்டு, மூட்டின் முன்சுவரும் மேலே உள்ள இடுக்கும் சேர்ந்து அவதிப்படும். இதைக் கேட்டுவிட்டு முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. அது டிரைசெப்ஸ் (மேற்கையின் பின்பக்கத் தசை) பயிற்சி ஆகிவிடும். பளு முழங்கைக்கு மாறும்.

பார் தொட வேண்டிய இடம் மார்புக் காம்புக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ. கழுத்துப் பக்கம் இறக்கினால் முழங்கை தானாக 90 டிகிரிக்குப் போய்விடும். அடியில் இருக்கும்போது, முன்பக்கமிருந்து பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் முன்கை செங்குத்தாக நிற்கிறதா என்று போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனை போதும்: முன்கை உள்ளே சாய்ந்தால் பிடி அகலம் தவறு, தலைப்பக்கமோ கால்பக்கமோ சாய்ந்தால் தொடும் இடம் தவறு.

நெஞ்சை லேசாகத் தொட்டு, ஒரு கணம் நின்று, மேலே தள்ளுங்கள். பாரை நெஞ்சில் மோதி எகிற விடுவது மார்பெலும்புக்கும் நல்லதல்ல, நாணுக்கும் நல்லதல்ல. மேலே போகும்போது பார் சற்றே தலைப்பக்கம் சாய்ந்து சென்று, தோளுக்கு நேர் மேலே முடியும். பாதி தூரம் கடந்ததும் மூச்சை விடுங்கள்.

கை நீளமாகவும் நெஞ்சு தட்டையாகவும் இருப்பவர்களுக்குப் பார் நெஞ்சைத் தொடும்போது முழங்கை உடல்மட்டத்துக்கு மிகக் கீழே போய்விடும். தோள் முனகினால் அவர்கள் நெஞ்சுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டரிலேயே நிறுத்திக்கொள்ளலாம். தொட்டே ஆக வேண்டும் என்பது போட்டி விதி, உடற்கூற்று விதி அல்ல.

படி 5: தனியாக இருக்கும்போது

பவர் ரேக்கில் (நான்கு தூண் கொண்ட இரும்புச் சட்டம்) பாதுகாப்புக் கம்பியை வைக்கும் உயரத்தை வெறும் பாரோடு சோதியுங்கள். நெஞ்சை நிமிர்த்தினால் பார் நெஞ்சைத் தொட வேண்டும். மூச்சை விட்டு உடலைத் தட்டையாக்கினால் பார் கம்பியில் உட்கார்ந்து, கழுத்துக்கும் பாருக்கும் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் நடக்கிற துளையைக் கண்டுபிடித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியும் இல்லை, பக்கத்தில் நின்று பாரைப் பிடித்து உதவும் ஸ்பாட்டரும் இல்லை என்றால் அன்று டம்பெல் அல்லது புஷ்-அப். ஸ்பாட்டர் இருந்தால், எத்தனை ரெப் என்பதையும், எப்போது பாரைப் பிடிக்க வேண்டும் என்பதையும் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாரைக் கொக்கியிலிருந்து எடுக்க அவர் கை கொடுத்தால் தோள்பட்டை கலையாமல் இருக்கும்.

படி 6: எவ்வளவு எடை?

ஜிம்மில் இருக்கும் நீளமான ஒலிம்பிக் பார், பிளேட் எதுவும் மாட்டாமலே 20 கிலோ. மெல்லிய பெண்கள் பார் 15. அதுவே பலருக்கு முதல் மாதத்துக்குப் போதும். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு செட், 8 முதல் 12 ரெப். இரண்டு நாளுக்கும் நடுவே குறைந்தது 48 மணி நேரம். இன்னும் இரண்டு மூன்று ரெப் போட முடியும் என்கிற நிலையிலேயே செட்டை முடியுங்கள். உயிரைக் கொடுத்துத் தள்ளும் அந்தக் கடைசி ரெப்பில்தான் பிட்டம் எழும்பும், முழங்கை விரியும், ஒரு தோள் முந்தும்.

எல்லா செட்டிலும் 12 ரெப் சுத்தமாக வந்தால் அடுத்த வாரம் பக்கத்துக்கு 1.25 கிலோ, மொத்தம் 2.5 கிலோ சேருங்கள். பக்கத்துக்கு 5 கிலோ பிளேட்டை எடுத்து மாட்டுவது 30 கிலோவிலிருந்து ஒரே தாவலில் 40-க்குப் போவது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தசை ஒப்புக்கொண்டாலும் நாணுக்கு அது பெரிய தாவல்.

வார்ம்-அப் என்று பத்து நிமிடம் கை சுழற்றிவிட்டு நேராக முழு எடைக்குப் போவதில் அர்த்தமில்லை. 40 கிலோ உங்கள் எடை என்றால் வெறும் பாரில் 12, பிறகு 30 கிலோவில் 5, 35-இல் 2, அப்புறம் 40. தோள் சூடாவதோடு, அன்றைக்கு ஏதாவது கோளாறு இருந்தால் அது லேசான எடையிலேயே தெரிந்துவிடும்.

மற்ற பயிற்சிகளில் எது எப்படி?

டம்பெல் பிரஸ் தோளுக்குப் பாரைவிட இணக்கமானது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி பிடித்தால் முழங்கை விரியாது. அதில் அடிபடுவது பெரும்பாலும் பயிற்சிக்கு வெளியே. உட்கார்ந்து டம்பெல்களைத் தொடையில் நிறுத்தி, முழங்காலால் உந்தியபடி படுங்கள். முடிந்ததும் முழங்காலை மடக்கி மேலே கொண்டுவந்து, டம்பெல்லைத் தொடையில் வைத்து, அந்த வேகத்தில் எழுந்திருங்கள். களைத்த கையோடு இரண்டு பக்கமும் அப்படியே விரித்துப் போட்டால், தோள் முழுக்கத் திறந்த நிலையில் அத்தனை எடையையும் தொங்கவிடுகிறீர்கள்.

படுத்தபடி டம்பெல்களை இரு பக்கமும் விரித்து மறுபடி நெஞ்சுக்கு மேலே சேர்க்கும் ஃப்ளை பயிற்சிதான் மூட்டுப் பளுவைப் புரிந்துகொள்ளச் சரியான உதாரணம். பிரஸ்ஸில் அடியில் இருக்கும்போது டம்பெல் முழங்கைக்கு மேலே, தோளிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. கையை நீட்டி விரிக்கும் ஃப்ளையில் அதே டம்பெல் 60 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. தூரம் இரட்டிப்பானால் தோளைத் திருகும் விசையும் இரட்டிப்பு. அதாவது 10 கிலோ ஃப்ளை தோளுக்கு 20 கிலோ பிரஸ் மாதிரி, அதுவும் நாண் அதிகபட்சம் இழுபட்ட நிலையில். முழங்கையை மடித்து வைத்து, உடல்மட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தூரம் குறையும். முதல் ஆறு மாதம் ஃப்ளை இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆசைப்பட்டால் கேபிள் மெஷினில் (கப்பியில் ஓடும் கம்பிவடம் எடையை இழுக்கும் கருவி) லேசாகச் செய்யுங்கள்.

தலைப்பக்கம் உயர்த்திச் சாய்க்கும் இன்க்ளைன் பெஞ்சை 30 டிகிரி அளவில் வையுங்கள். 45-ஐத் தாண்டினால் அது தோள் பயிற்சி. மெஷினில் கைப்பிடி நெஞ்சின் நடுமட்டத்தில் வரும்படி சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். டிப்ஸ், மேற்கை தரைக்கு இணையாக வந்ததும் நிறுத்த முடிகிறவர்களுக்கு மட்டும். அதற்குக் கீழே போவது மேலே சொன்ன காறை எலும்பு மூட்டைத்தான் சோதிக்கும்.

இதோடு, தள்ளும் ஒவ்வொரு செட்டுக்கும் இழுக்கும் ஒரு செட் சேருங்கள்: ரோயிங் (துடுப்புப் போடுவது போல எடையை உடலை நோக்கி இழுப்பது), ஃபேஸ் புல் (கேபிளை முகத்தை நோக்கி இழுப்பது). கண்ணாடியில் தெரியாத முதுகுத் தசையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் பெஞ்சில் தோள்பட்டையைப் பின்னால் பிடித்து வைத்திருப்பது அந்தத் தசைதான்.

வலி வந்தால்

மறுநாளோ அதற்கடுத்த நாளோ நெஞ்சு இரண்டு பக்கமும் பரவலாக வலித்து, மூன்று நாளில் போய்விட்டால் அது தசை வலி, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும், ஒரே புள்ளியில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய மாதிரி வலித்தால் மூட்டையோ நாணையோ சந்தேகியுங்கள். அந்தப் பக்கம் படுத்தால் இரவில் வலி எழுப்புகிறது என்பதும், கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோனால் தோளின் மேல்முனை வலிக்கிறது என்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இரண்டு வாரம் எடையைக் குறைத்தும் மாறவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். வலிநிவாரணி போட்டுக்கொண்டு பெஞ்சில் படுப்பதைப்போல முட்டாள்தனம் இல்லை.

சட்டென்று ஏதோ அறுந்த மாதிரி சத்தமோ உணர்வோ, அக்குளிலும் மேற்கையிலும் கருநீலம் பரவுவது, அக்குளின் முன்மடிப்பு ஒரு பக்கம் மட்டும் குழிந்து தெரிவது, இவை நெஞ்சுத் தசையின் நாண் கிழிந்ததற்கான அடையாளங்கள். ஆறும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் சில வாரங்களுக்குள் செய்வதுதான் நல்ல பலன் தரும். நெஞ்சை அழுத்துகிற வலி, அதோடு மூச்சுத்திணறல், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது என்று வந்தால் அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சாதாரணத் தோள் வலி தணிந்து திரும்பி வருகிறவர்கள் ஃப்ளோர் பிரஸ்ஸிலிருந்து தொடங்கலாம். தரையில் படுத்து டம்பெல்லைத் தள்ளும்போது முழங்கை தரையைத் தொட்டதும் நின்றுவிடும். தோள் ஆபத்தான ஆழத்துக்குப் போக வழியே இல்லை. பழைய எடையில் பாதி போட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் சட்டை மாட்டும்போது தோள் குத்தவில்லை என்றால் அடுத்த முறை கொஞ்சம் ஏற்றலாம்; குத்தினால் அதே எடையில் இன்னும் ஒரு வாரம். இப்படி மூன்று நான்கு வாரம் வலியில்லாமல் போன பிறகு பெஞ்சுக்கு மாறுங்கள், முதலில் வெறும் பாரோடு.